குறட்டையும் பக்கவாதமும்



நாடுகளுக்கும் மன்னர்களுக்கும் வரலாறு இருப்பதுபோல் நோய்களுக்கும் வரலாறு உண்டு. மனிதன் ஒரு நோயை எப்போது கண்டான், கண்ட பிறகும் எத்தனை காலம் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தான் என்பதெல்லாம் அந்த வரலாற்றில் அடங்கும். இன்று நான் சொல்ல வந்திருப்பது அத்தகைய ஒரு நோயின் வரலாறு. அந்த நோயின் ஓசையைக் கேட்காதவர் நேயர்களில் ஒருவரும் இரார். அந்த ஓசைதான் குறட்டை.

குறட்டை என்றதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. குறட்டை விடுபவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்கிறோம். அந்நாளில் தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்புதான். யார் வீட்டில் யார் குறட்டை விடுகிறார் என்பது லயம் முழுவதும் அறிந்த செய்தி. மறுநாள் காலைப் பெரட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. இன்னொரு பக்கம், குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளமாகவும் எண்ணுகிறோம். “உழைத்த உடம்பு, அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார்” என்கிறோம்.

எல்லாக் குறட்டையும் நோயன்று என்பது உண்மைதான். ஆனால் ஒருவகைக் குறட்டை, மூச்சுக்காக உடம்பு நடத்தும் போராட்டத்தின் ஓசை. அந்தப் போராட்டத்துக்கும் பக்கவாதத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்துகொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அறிந்த பின்பும், பக்கவாதம் வந்தவர்கள் பலரிடம் இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமலே இருக்கிறது. அது ஏன்? அதற்கு நாம் செய்யக்கூடியது என்ன? இவற்றையே இன்று பார்ப்போம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் விறைப்பாக நின்று மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. நாக்கு பின்பக்கமாகச் சரிகிறது. மேலண்ணத்தின் மெல்லிய பகுதி தொங்குகிறது. குறுகிப்போன பாதையில் காற்று உரசிக்கொண்டு போகும்போது எழும் அதிர்வே குறட்டை. சிலருக்குப் பாதை குறுகுவதோடு நிற்பதில்லை. முற்றிலும் அடைபட்டுப் போகிறது. மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைச் சற்றே அழுத்திக்கொண்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பலமாக உறிஞ்ச உறிஞ்ச இன்னும் இறுக்கமாக ஒட்டும். தொண்டையிலும் இதுதான் நடக்கிறது.

நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்குகின்றன. காற்று மட்டும் உள்ளே போவதில்லை. குறட்டையும் நின்றுவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. தசைகள் விறைக்கின்றன; பாதை திறக்கிறது; பெருஞ்சத்தத்துடன் காற்று உள்ளே பாய்கிறது. பிறகு மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று டாக்டர்கள் எண்ணுகிறார்கள். மூச்சு பெருமளவு குறைந்து போவதையும் அதனுடன் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 தடை முதல் 14 வரை என்றால் நோயின் தொடக்க நிலை. 15 முதல் 29 வரை நடுத்தர நிலை. 30-ம் அதற்கு மேலும் கடுமையான நிலை. இத்தனை முறை விழித்தும், விடிந்ததும் பெரும்பாலும் அவருக்கு ஒன்றுமே நினைவிராது.

இந்த நோய்க்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். அப்னியா என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். மூச்சில்லாமை என்று பொருள். நாம் உறக்க மூச்சுத்தடை என்று சொல்வோம். இதில் இரண்டு வகை உண்டு. தொண்டை அடைபடுவதால் வருவது ஒன்று. தொண்டை திறந்தே இருந்தும், “மூச்சு விடு” என்ற கட்டளையை மூளை அனுப்பத் தவறுவதால் வருவது மற்றொன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வரலாறு இரண்டையும் தொட்டுச் செல்கிறது.

1818-ஆம் ஆண்டு. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் ஜான் செய்ன் என்னும் மருத்துவர் இருந்தார். பக்கவாதத்தால் வீழ்ந்த, சுமார் 60 வயதுள்ள ஒருவரின் நோயைப் பற்றி அவர் எழுதி வைத்தார். அந்த நோயாளியின் மூச்சு கால் நிமிட நேரம் அறவே நின்றுவிடும். பிறகு மெல்லத் தொடங்கும். படிப்படியாக வேகம் கூடும். மறுபடியும் தணிந்து நின்றுவிடும். இந்தச் சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. 1854-ஆம் ஆண்டில் அதே டப்ளின் நகரைச் சேர்ந்த வில்லியம் ஸ்டோக்ஸ் என்பவரும் இதை விரிவாக எழுதினார். இவ்வாறு ஏறி இறங்கி நிற்கும் மூச்சை இன்றும் இவ்விருவரின் பெயராலேயே அழைக்கிறார்கள். இது மூளையின் கட்டளை தவறும் வகையைச் சேர்ந்தது. பக்கவாதமும் மூச்சு நிற்பதும் ஒரே கட்டிலில் காணப்பட்டதை மருத்துவம் எழுதி வைத்த தொடக்க காலச் சான்றுகளில் இதுவும் ஒன்று.

அடுத்த சான்று 1877-ஆம் ஆண்டில் இலண்டனில் கிடைக்கிறது. வில்லியம் பிராட்பென்ட் என்னும் மருத்துவர், மூளையில் இரத்தம் கசிந்த நோயாளிகளின் மூச்சைப் பற்றி ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் எழுதினார். அவ்வாறு எழுதும்போது, வயதானவர்கள் மல்லாந்து படுத்துப் பலத்த குறட்டையுடன் உறங்கும்போது நடப்பதையும் அவர் குறிப்பிட்டார். அவ்வப்போது குறட்டை அடங்கி முழு அமைதி நிலவும். அப்போதும் நெஞ்சு அசைந்துகொண்டே இருக்கும். காற்று மட்டும் உள்ளே புகாது. இரண்டு மூன்று மூச்சுக்கான நேரம் சென்றபின், பெருத்த சத்தத்துடன் காற்று உள்ளே நுழையும். சற்று முன்பு நாம் விளக்கிய தொண்டையடைப்பு நோயை அப்படியே படம்பிடித்தாற்போல் அவர் எழுதியிருந்தார். பக்கவாதத்தைப் பற்றிய கட்டுரையிலேயே அது இடம்பெற்றிருந்தது. ஆயினும் அந்தக் குறிப்பு நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

ஏன் மறக்கப்பட்டது? மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது பகலில். இந்த நோய் வெளிப்படுவதோ இரவில். அதைக் கேட்பவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி, காவலிருக்கும் மகள், இரவு வேலை பார்க்கும் தாதி. அவர்கள் சொன்னால் கேட்பார் குறைவு. அவர்களிலும் பலர் சொல்வதில்லை. குறட்டையைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா என்று நினைத்துவிடுகிறார்கள்.

சிரிப்பும் மறதிக்குத் துணை செய்தது. 1836, 1837-ஆம் ஆண்டுகளில் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்ற நாவலைத் தொடராக எழுதினார். அதில் ஜோ என்று ஒரு பருத்த பையன் வருகிறான். நின்ற இடத்திலேயே உறங்கிவிடுவான். வேலைக்கு நடுவே குறட்டை விடுவான். படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். 120 ஆண்டுகள் சென்றபின், 1956-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பர்வெல் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் பருத்த உடலுள்ள வணிகப் பெருந்தலை. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்த நேரத்தில் அவர் உறங்கிப் போனார். வெற்றிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் உறங்குகிறான் என்றால் அதைச் சோம்பல் என்று சொல்ல முடியுமா? நோய்தான் என்று அவரே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அந்த மருத்துவர்கள் டிக்கன்ஸின் ஜோவை நினைத்து, இந்நோய்க்குப் பிக்விக் நோய் என்று பெயரிட்டார்கள். ஆனால் இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதே பகல் தூக்கத்துக்குக் காரணம் என்று முடிவு செய்தார்கள். இரவில் அவருடைய தொண்டையில் என்ன நடக்கிறது என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

உறங்கும் மனிதனை இரவு முழுதும் கருவிகொண்டு கவனிக்கும் வழக்கம் அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. 1953-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், உறக்கத்தின் நடுவே கண்மணிகள் வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு என்று அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் கண்டறிந்தனர். அதன் பிறகே உறக்கம் என்பது வெறும் ஓய்வன்று, ஆராய வேண்டிய ஒன்று என்ற எண்ணம் பரவியது. 1965-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் காஸ்தோவும் அவருடைய குழுவினரும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் யுங், கூலோ என்னும் இருவரும், பிக்விக் நோயாளிகளின் மூளை அலைகளையும் மூச்சையும் உறக்கத்தில் பதிவு செய்தார்கள். மூச்சு நூற்றுக்கணக்கான முறை நிற்பதும், ஒவ்வொரு முறையும் மூளை விழித்துக்கொள்வதும் தாளில் கோடுகளாக விழுந்தன. மூச்சுக்குத் தடையாக இருந்தது தொண்டையின் அடைப்பு என்பதும் புலனாயிற்று. பிராட்பென்ட் காதால் கேட்டு எழுதியதற்கு 88 ஆண்டுகள் கழித்துக் கருவி சாட்சி சொன்னது.

அடுத்து, இத்தாலியின் பொலோன்யா நகரில் லுகரேசி என்பவரின் குழு ஒரு முக்கியமான செய்தியைக் கண்டது. உறங்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவதே இயல்பு. இந்நோய் உள்ளவர்களுக்கோ, மூச்சு நின்று மீளும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் குபுக்கென்று ஏறியது. 1980-ஆம் ஆண்டில் அவர்கள் சான் மரினோ என்னும் சிறு நாட்டில் 5,713 பேரை விசாரித்து வெளியிட்ட ஆய்விலே, வழக்கமாகக் குறட்டை விடுபவர்களிடம் இரத்த அழுத்த நோய் மிகுதியாக இருப்பது தெரிந்தது. பக்கவாதத்துக்கு முதன்மையான காரணம் இரத்த அழுத்தம் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு இரத்த அழுத்த நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே இது எங்கோ இத்தாலியில் நடந்த கதை என்று நாம் விட்டுவிட முடியாது.

நோய்க்கு இன்றைய பெயர் நிலைத்தது 1970-களில்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்தியான் கில்லமினோவும் அவருடைய துணைவர்களும் 1976-இல் எழுதிய கட்டுரை, ஸ்லீப் அப்னியாவை முறையாக வரையறுத்தது. பருத்தவர்களுக்கு மட்டுமே வரும் நோயன்று இது என்பதும் தெளிவாயிற்று.

பெயர் வந்தது, மருந்து? அந்நாளில் கடுமையான நோயாளிகளுக்கு ஒரே வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு நேராகக் காற்று போக வகை செய்வதுதான். உயிர் பிழைப்பார்கள், ஆனால் கழுத்தில் துளையோடு வாழ வேண்டும். அதற்கு உடன்படாதவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கோலின் சல்லிவன் என்னும் மருத்துவர், 1980-ஆம் ஆண்டில் அப்படி மறுத்த ஒருவரிடம் புதிய முறையொன்றைச் சோதித்துப் பார்த்தார். மூக்கின் வழியே இடைவிடாமல் இலேசான அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினார். ஒட்டிக்கொண்ட ரப்பர் குழாய்க்குள் ஊதினால் அது விரிந்து திறந்துகொள்கிறது அல்லவா? அவ்வளவுதான் தத்துவம். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டே தொடக்க காலக் கருவிகள் உருவாயின. ஐந்து நோயாளிகளிடம் கண்ட நற்பயனை 1981-இல் அவர் ‘லான்செட்’ ஏட்டில் வெளியிட்டார். சிபேப் என்று இன்று வழங்கும் கருவியின் பிறப்பு இதுவே.

இனி, பக்கவாதத்தோடு உள்ள தொடர்பு எவ்வாறு உறுதியாயிற்று என்று பார்ப்போம். 1985-இல் பின்லாந்து நாட்டின் பார்டினென், பாலொமாக்கி என்னும் இருவர், மூளை இரத்தக்குழாய் அடைபட்டவர்களிடம் குறட்டைப் பழக்கம் மிகுதி என்று எழுதினர். 1987-இல் அதே நாட்டில், 40 முதல் 69 வயது வரையுள்ள 4,388 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வழக்கமாகக் குறட்டை விடுபவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடுதல் என்று அது காட்டியது.

பிறகு பக்கவாத நோயாளிகளையே உறக்கப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். 1996-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் அதன் கணக்கு எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பக்கவாதம் வந்த 13 ஆண்களில் 10 பேருக்கும், 11 பெண்களில் 7 பேருக்கும் உறக்க மூச்சுத்தடை இருந்தது. பக்கவாதம் வராதவர்களிலோ 13 ஆண்களில் 3 பேருக்கும், 14 பெண்களில் 2 பேருக்கும் மட்டுமே இருந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயம். பக்கவாதம் வந்ததால் மூச்சுத்தடை உண்டாயிற்றா? அல்லது முன்பே மூச்சுத்தடை இருந்து, அது பக்கவாதத்துக்கு வழி வகுத்ததா? 2000-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவிலிருந்து ஒரு விடை வந்தது. 161 நோயாளிகளைப் பக்கவாதம் வந்த சில நாள்களுக்குள் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தார்கள். மூளையின் கட்டளை தவறும் வகை காலப்போக்கில் குறைந்தது. அது பக்கவாதத்தின் விளைவு என்று கொள்ளலாம். தொண்டையடைப்பு வகையோ மாறாமல் நின்றது. பலருக்கு அது பக்கவாதத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று. 2005-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 1,022 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். வயது, உடற்பருமன், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபின்பும், தொண்டையடைப்பு நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

2010-இல் உலகெங்கும் நடந்த 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். அவற்றில் மொத்தம் 2,343 நோயாளிகள். அவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு மணிக்கு 5 தடைக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு 38 பேருக்கு மணிக்கு 20-க்கு மேல் இருந்தது. பெரும்பாலும் தொண்டையடைப்பு வகையே. மூளைக் கட்டளை தவறும் வகை நூற்றுக்கு 7 பேரிடம் மட்டும். சுருங்கச் சொன்னால், பக்கவாதம் வந்த பத்துப் பேரை நிறுத்தினால் அவர்களில் ஏழு பேருக்கு இந்த நோயும் இருக்கக்கூடும்.

இத்தனை தெளிவான பின்பும் நோய் ஏன் மறைந்து கிடக்கிறது? காரணங்கள் சில உண்டு.

ஒன்று, டிக்கன்ஸ் வரைந்த அந்தப் பருத்த, எந்நேரமும் தூங்கி வழியும் உருவமே இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் இந்நோய் உள்ளவர்கள் பலர் அவ்வளவு பருமனாக இருப்பதில்லை. பகலில் தூக்கம் வருவதாகவும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆதலால் “பகலில் தூங்கிவிடுகிறீர்களா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இரண்டு, இந்நோய் தரும் களைப்பு, மறதி, எரிச்சல், மனச்சோர்வு எல்லாவற்றையும் பக்கவாதத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். கை கால் பயிற்சிக்கு எழுந்து வராதவரைச் “சோம்பேறியாகிவிட்டார், மனம் விட்டுவிட்டார்” என்கிறோம். 2003-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் நடந்த ஆய்வொன்று, மூச்சுத்தடை உள்ள பக்கவாத நோயாளிகள் அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறனில் பின்தங்கியிருந்ததையும், மறுவாழ்வு மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்க நேர்ந்ததையும் காட்டியது. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய உடம்பு பகலில் எங்ஙனம் பயிற்சிக்கு எழும்?

மூன்று, நோயாளிக்கே தன் நோய் தெரியாது. தெரிந்தாலும் பக்கவாதம் சிலருடைய பேச்சைப் பறித்துவிடுகிறது.

நான்கு, உறக்கப் பரிசோதனை செய்யும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. கேட்டால்தான் கிடைக்கும், கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தான் கேட்போம்.

பக்கவாதம் வராத பொதுமக்களிடமும் இதே நிலைதான். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் பல இன மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. நடுத்தர நிலையோ கடுமையான நிலையோ உள்ளவர்கள் என்று சோதனையில் தெரிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர், அதற்கு முன் தங்களுக்கு இந்நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள்.

உண்மையை முழுதும் சொல்ல வேண்டும், நேயர்களே. சிகிச்சை செய்தால் இரண்டாவது பக்கவாதம் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். 2016-இல் சீனா, இந்தியா, ஆஸ்திரேலியா முதலிய ஏழு நாடுகளில் 2,717 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு வெளியாயிற்று. அவர்கள் முன்பே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள். சிபேப் கருவி பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. ஆனால் கருவி பெற்றவர்கள் இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே அதை அணிந்திருந்தார்கள். பாதி இரவு குடை பிடித்துவிட்டு மீதி இரவு மழையில் நின்றதைப் போன்றது அது. மேலும், மிகக் கடுமையான பகல் தூக்கம் உள்ளவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. இத்தனைக்கும், கருவி அணிந்தவர்களுக்குக் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை சீர்பட்டது, வாழ்க்கை மேம்பட்டது. 2021-இல் அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் வெளியிட்ட நெறிமுறை, பக்கவாதம் வந்தவரிடம் இந்நோய் உண்டா என்று பார்ப்பதைக் கருதலாம் என்றும், இருந்தால் இக்கருவிச் சிகிச்சை பயன் தரக்கூடும் என்றும் கூறியது. படுத்த படுக்கையாக இருப்பவர் எழுந்து உட்கார்ந்து, முகம் மலர்ந்து நாலு வார்த்தை பேசுவது ஒரு குடும்பத்துக்குச் சிறிய பேறா?

இனி, நம் வீட்டில் செய்யக்கூடியது என்ன?

பக்கவாதம் வந்தவர் உறங்கும்போது, சில இரவுகள் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை நடுவே நின்று போகிறதா? அப்போது நெஞ்சு அசைகிறதா? எத்தனை வினாடி கழித்து மூச்சு திரும்புகிறது? அரை மணிக்குள் எத்தனை முறை? ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒலியையும் படத்தையும் பதிவு செய்யத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் பதிவு செய்யச் சொல்லுங்கள். காலையில் தலைவலி, நா வறட்சி, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல், எத்தனை மாத்திரை தின்றும் இறங்காத இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போகும்போது அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்து, “இவருக்கு உறக்கப் பரிசோதனை தேவையா?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று, உங்கள் உரிமை.

மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னே சரிவதால் அடைப்பு மிகும். ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறையும். செயலிழந்த கைக்கும் தோளுக்கும் எவ்வாறு தலையணை கொடுப்பது என்பதைத் தாதியிடம் கேட்டுச் செய்யுங்கள். சம்சுவானாலும் பீரானாலும், மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். இரவில் அது வேண்டவே வேண்டாம். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரையும் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் கொடுத்த மருந்துகளை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. இந்தச் சிகிச்சை அவற்றுக்கு மாற்றன்று. சிபேப் கருவியின் விலை ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகலாம். ஆகவே மருத்துவமனையின் சமூகநல அதிகாரியிடம் உதவிக்கு வழி உண்டா என்று விசாரியுங்கள். கருவி கிடைத்தால், முதல் சில வாரம் முகமூடி தொல்லையாகத்தான் இருக்கும். பழகும் வரையில் பக்கத்திலிருந்து தைரியம் சொல்ல ஒருவர் வேண்டும்.

மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் உண்டு என்று திருவள்ளுவர் சொன்னார். நோயாளி, மருத்துவர், மருந்து, இவற்றோடு நோயாளியின் பக்கத்திலிருந்து பேணுபவரையும் அவர் சேர்த்தார். இன்று நாம் பார்த்த வரலாறு முழுதும் அந்த நான்காவது அங்கத்தின் அருமையையே காட்டுகிறது. டப்ளினிலும் இலண்டனிலும் மருத்துவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டபோது நோய் தெரிந்தது. கேட்காமல் விட்டபோது நூறாண்டு மறைந்தது. இன்று கருவி இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டிலருகே இருப்பவர் நீங்கள்தான். குறட்டை கேட்டால் சிரிக்க வேண்டாம். அது திடீரென்று நின்றால் நிம்மதி அடையவும் வேண்டாம். காது கொடுத்துக் கேளுங்கள், எண்ணுங்கள், எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.